நாலு இஞ்ச் சுவரும் ஒரு சைக்கிளும்

லேபர் கேம்ப், மாட்டுங்கா
9 நவம்பர் 2025, ஞாயிறு

தம்பி முகைதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று கேட்டு எழுதப்போவதில்லை. நேற்று நீ இருமியதும், ஆஸியா வெந்நீர் கொண்டுவந்ததும், நாக்கு பொத்துவிட்டது என்று நீ பெண்டாட்டியைக் கடிந்துகொண்டதும் எனக்கு இங்கேயே கேட்டது. உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது நாலு இஞ்ச் சுவர். இதில் நலம் விசாரிப்பு ஒரு கேடா?

விஷயத்துக்கு வருகிறேன். இன்று லுஹர் தொழுதுவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். ஆண்டாப் ஹில்லில் ஒரு நிக்காஹ். பெண்ணுக்குப் பால் நிறத்தில் கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்குள்ளே கர்ரென்று சத்தம் கேட்டது. நான் தலையைத் தூக்குவதற்குள் ஒரு டிரில் முனை எலி மாதிரி என் வீட்டுக்குள் மூக்கை நீட்டியது. கவுன் முழுக்கச் செங்கல் தூள். உதறினாலும் போகவில்லை, ஊதினாலும் போகவில்லை.

அது போதாதென்று கொஞ்ச நேரத்தில் உன் பக்கம் தடாலென்று ஏதோ விழுந்தது. உன் மகள் பரீஹா 'யா அல்லா' என்று கத்தினாள். எனக்கு உயிரே போய்விட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து உன் வாசலில் நின்றேன். உள்ளே அவள் சிரிக்கிற சத்தமும் ஆஸியா திட்டுகிற சத்தமும் கேட்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் திரும்பிவிட்டேன். நான் வந்து நின்றது உங்களில் யாருக்கும் தெரியாது.

என் சுவரில் எதற்காக ஓட்டை போட்டாய்? என் சுவர் என்றுதான் எழுதியிருக்கிறேன். வாப்பா மவுத்தான பிறகு ஜமாத்துப் பெரியவர்கள் வந்து இந்த ரூமை முறைப்படி உனக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு என்று பிரித்தார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அது மார்க்கம் சொன்ன கணக்கு. தரையில் சுண்ணாம்புக் கோடும் போட்டார்கள். ஆனால் மிஸ்திரி வந்து சுவரைக் கோட்டின் மேல் வைக்கவில்லை, முழுக்க என் பக்கமாக வைத்தான். இருக்கிறதே ஒரு பங்கு, அதிலும் சுவர் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ மிஸ்திரிக்கு டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாய். அன்றைக்கு நின்ற பேச்சு, மூன்று வருடம் ஆகிறது.

பதில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடு. ஆஸியாவைத் தூது அனுப்பாதே. போனும் வேண்டாம். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது. காகிதமாக இருந்தால் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம்.

நூர் நிஷா


10 நவம்பர் 2025

மரியாதைக்குரிய லாத்தா அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். தங்கள் கடிதம் கிடைத்தது. தூள் பட்ட துணியைக் கொடுத்தால் ஆஸியா துவைத்து இஸ்திரி போட்டுத் தருவதாகச் சொல்கிறாள். டிரில் அவ்வளவு சீக்கிரம் அந்தப் பக்கம் போய்விடும் என்று எனக்குத் தெரியாது. தோல் வேலை செய்கிறவனுக்குச் சுவர் வேலை என்ன தெரியும்? வர்க்‌ஷாப்பில் பெல்ட்டுக்குத் துளை போடுகிற மாதிரி நினைத்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பரீஹா லேப் படிப்பு முடித்தது உங்களுக்குத் தெரியும். செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். டிசம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். விடிவதற்கு முன்பே வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வர வேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. ஸ்கூட்டருக்கு லைசென்சும் இல்லை, வசதியும் இல்லை. சைக்கிள் இருந்தாலும் சரி என்று ஒத்துக்கொண்டார்கள்.

முதலில் வாங்கிய சைக்கிள் வாசலுக்கு முன்னால் கல்லிச் சந்தில் நிறுத்திய இடத்திலேயே களவு போயிற்று. குழாயோடு சேர்த்துப் பூட்டிய முன்சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது இருப்பது அவளுடைய சிநேகிதி கொடுத்தது. இதுவும் போனால் வேலையும் போகும். அதனால் இதை வீட்டுக்குள் வைத்தாக வேண்டும். தரையில் நிறுத்தினால் மனுஷர் படுக்க இடம் இல்லை, ஆகவே சுவரில் மாட்ட வேண்டும்.

பரீஹா போனில் பார்த்து ஒரு ஸ்டாண்டு வரவழைத்தாள். பெட்டியின் மேல் ஒரு படம். பெரிய ஹாலில் ஒருவன் சிரித்துக்கொண்டே ஒற்றைக் கையால் சைக்கிளைச் சுவரில் மாட்டுகிறான். அவன் வீட்டுச் சுவர் என்ன சுவரோ. நான் நாலு துளை போட்டு, உள்ளே கொடுத்திருந்த பிளாஸ்டிக் கிட்டியைச் செருகி, ஸ்குரூ முடுக்கி மாட்டினேன். ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றது. பிறகு சிமெண்டுப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு அரிசி டின் மேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை.

வேறு சுவரும் இல்லை. ஒரு பக்கம் வாசலும் சன்னலும், ஒரு பக்கம் வெறும் தகரம், பின்னால் அடுப்பும் குளிக்கிற மோரியும். மிச்சம் இந்தச் சுவர்தான். வெல்டிங் கடை பூதத்தானைக் கூட்டிவந்து காட்டினேன். நாலு இஞ்ச் சுவரில் கிட்டி பிடிக்காது, போல்ட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை விட்டு, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து முறுக்கினால் யானையை மாட்டினாலும் நிற்கும் என்றான். பிறகு, "அந்தப் பக்கம் யாரு பாய் இருக்கா?" என்று கேட்டான். என் லாத்தா என்றேன். "பொறவு என்ன?" என்றான்.

ஆகவே தங்கள் அனுமதியை வேண்டுகிறேன். சுவர் விஷயமாகத் தாங்கள் எழுதியிருந்ததற்கு இப்போது பதில் எழுத எனக்கு விருப்பம் இல்லை.

இப்படிக்கு,
முகைதீன்


11 நவம்பர் 2025

முகைதீனுக்கு,

என்ன புதிதாகத் தாங்கள், தங்கள்? மூக்கைச் சிந்தத் தெரியாத வயசிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிடுகிறாய். மரியாதையை இரும்புப் பட்டை மாதிரி நடுவில் வைத்து முறுக்காதே. துணியை நானே துவைத்துவிட்டேன், கறை போய்விட்டது. அந்தப் பெண்ணின் உம்மாவுக்குத் தெரியவில்லை.

ஸ்டாண்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ சொல்கிற அந்த இடம் என் தலைமாடு. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்துத்தான் படுக்கிறேன். விடிவதற்கு முன்பு அவள் சைக்கிளை எடுத்தால் இரும்பு என் காதுக்குள் அடிக்கும். எனக்குத் தூக்கம் பிடிப்பதே அந்த நேரத்தில்தான். அவர் மவுத்தானதிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. யாசர் புனேயிலிருந்து ஒரு நாள் வந்து படுத்தாலே கதவை மெதுவாகச் சாத்து என்று பெற்ற மகனோடேயே சண்டை போடுகிறேன். தினம் இரும்புச் சத்தம் கேட்க என்னால் முடியாது.

இன்னொன்று. இந்தச் சுவர் யாருடையது என்று ஒரு வரி எழுதிக் கொடு. ஜமாத்துக்குக் காட்டவோ வேறு எவருக்கும் காட்டவோ இல்லை. நான் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். பரீஹாவுக்கு வேலை கிடைத்ததை உன் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ இருமுவது கேட்கிறது, குக்கர் விசில் கேட்கிறது, நீங்கள் டிவியில் என்ன பார்க்கிறீர்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். இந்த ஒரு செய்தி மட்டும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று மெதுவாகப் பேசிக்கொண்டீர்களா? சுவர் வருகிற வரைக்கும் என் பக்கத்தில்தான் அவள் படுப்பாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இப்போது கல்லியில் பார்த்தால் ஸலாம் சொல்கிறாள், உள்ளே வருவதில்லை. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் சண்டையில் எந்தப் பக்கம் நிற்பது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்கு வலித்தது, முகைதீன். வலித்ததை வலித்தது என்றுதான் எழுத முடியும்.

நூர் நிஷா


13 நவம்பர் 2025

லாத்தாவுக்கு,

சரி, நீ என்றே எழுதுகிறேன்.

சுவர் யாருடையது என்று கேட்கிறாய். என்னுடையது என்றால் உன்னிடம் கேட்காமலே மாட்டியிருப்பேன். கேட்டுக்கொண்டு நிற்கிறேன். இதிலிருந்து நீ புரிந்துகொள்ளக் கூடாதா?

மெதுவாகப் பேசிக்கொண்டோமா என்றாய். ஆமாம், பேசிக்கொண்டோம். அது உனக்காக இல்லை. வேலை கையில் வந்து சேரும் வரை யாரிடமும் சொல்லக்கூடாது, கண்பட்டுவிடும் என்று ஆஸியா சொல்லிவிட்டாள். போன தடவை ஒரு ஆஸ்பத்திரியில் கிடைக்கிற மாதிரி வந்து கைநழுவிப் போயிற்று, அதிலிருந்து அவளுக்கு இந்தப் பயம். நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே.

சத்தத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு ஆஸியா சிரித்தாள். உன் மெஷின் ஓடுகிற சத்தத்தில் எங்கள் அலமாரியில் உள்ள கண்ணாடிக் கிளாஸ் எல்லாம் கிணுகிணு என்று ஆடும். ஒரு நாள் ஒரு பொழுது நாங்கள் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. பெருநாள் சமயத்தில் நீ விடிய விடியத் தைத்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

சைக்கிள் இப்போது கல்லியில்தான் நிற்கிறது. எதிர்வீட்டு நகுலின் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து அதில் இடித்துக்கொண்டாள், காலையிலேயே ஒரே ரகளை. இன்னொரு தரம் அங்கே பார்த்தால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவேன் என்கிறாள். ராத்திரி கல்லியில் எந்தச் சத்தம் கேட்டாலும் நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். தேதி நெருங்குகிறது. சீக்கிரம் ஒரு முடிவு சொல்.

முகைதீன்


15 நவம்பர் 2025

முகைதீனுக்கு,

'யாரிடமும்' சொல்லக்கூடாது என்று ஆஸியா சொன்னாளா? அந்த 'யாரும்' என்பதில் நானும் சேர்த்தியா? பரீஹா பிறந்த ஆஸ்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கியவள் நான். என் கண்ணா அவள் மேல் பட்டுவிடும்?

கிளாஸ் ஆடுகிறது என்றால் அலமாரியைத் தள்ளி வையுங்கள். உங்களுக்கு இரண்டு பங்கு இருக்கிறது, தள்ளி வைக்க இடம் இருக்கிறது.

இந்தச் சுவரில் இனி ஒரு ஆணிகூட இறங்காது. பூதத்தானிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

நூர் நிஷா


21 நவம்பர் 2025, வெள்ளி காலை

லாத்தாவுக்கு,

நீ முடியாது என்ற பிறகு உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

சில நாட்களாக ராத்திரியில் கல்லியில் சைக்கிளைக் காணோம். பரீஹாவிடம் கேட்டேன். பத்திரமான இடத்தில் இருக்கிறது வாப்பா என்று மட்டும் சொன்னாள். அவளுடைய சிநேகிதி வீட்டில் விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வேலையில் சேரும் முன்பு வழி பழக வேண்டும் என்று விடியலில் செம்பூர் வரை மிதித்துவிட்டு வருகிறாள் அல்லவா, அதற்கு அங்கிருந்து எடுத்துக்கொள்கிறாள் என்று எண்ணினேன்.

இன்று சுபுஹு தொழுதுவிட்டுக் கல்லிக்குள் நுழைந்தபோது உன் கதவு திறந்தது. முதலில் பின்சக்கரம் வெளியே வந்தது. நீ அதைத் தூக்கிப் பிடித்திருந்தாய். அவள் உள்ளே இருந்து கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள். நிலையில் இடிக்காமல், பக்கத்து வீட்டுத் தண்ணீர் டிரம்மில் உரசாமல் இரண்டு பேரும் அதைத் தொட்டிலை இறக்குகிற மாதிரி இறக்கினீர்கள். சீட்டில் இருந்த தூசியை நீ முந்தானையால் துடைத்தாய். என்னைப் பார்த்துவிடுவீர்களோ என்று நான் வந்த வழியே திரும்பிப் போய், ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

ஒரு பங்கு ரூமில் மெஷின், கட்டிங் மேசை, பாத்திரம், அதோடு ஒரு சைக்கிள். நீ எங்கே படுக்கிறாய்? பரீஹாவைப் பிடித்துக் கேட்டேன். "மாமி மேசைக்கு அடியில காலை நீட்டிக்கிறாங்க வாப்பா, டென்ஷன் மத் லோ" என்கிறாள், கவலைப்படக் கூடாதாம். எனக்கு எப்படி இருக்கும், சொல்.

இது நடக்கக் கூடாது. உனக்கு முட்டி வலி இருப்பது எனக்குத் தெரியும். சைக்கிளை அவள் சிநேகிதியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த வேலை வேண்டாம் என்று லேபுக்குச் சொல்லிவிடு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நடந்தே போகிற தூரத்தில் வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

நீ நன்றாகக் கால் நீட்டிப் படு.

முகைதீன்


21 நவம்பர், மதியம்

முகைதீனுக்கு,

உனக்கு என்ன பைத்தியமா? வேலையை விடு என்று சொல்ல நீ யார்? அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சுவரின் இந்தப் பக்கம் நானும் காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் அழுவது எனக்குக் கேட்கிறது. நீ வர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டாய், உனக்கு என்ன?

நடந்ததை நானே சொல்கிறேன். நான் உனக்கு முடியாது என்று எழுதிய அன்று மஃரிபுக்குப் பிறகு கதவைத் திறந்தேன். அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கல்லியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. "கல்லியில வச்சா இதுவும் போயிரும் மாமி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. உன்னையும் என்னையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே கொண்டுவா என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

அன்றையிலிருந்து தினம் சைக்கிளை விட வரும்போது கொஞ்ச நேரம் உட்காருவாள், உங்களுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசிக்கொள்வோம். ரத்தம் எடுப்பதைப் பற்றிச் சொல்வாள். தடித்த கையில் நரம்பு தெரியாதாம், கண்ணால் தேடக் கூடாது, விரலால் தேட வேண்டுமாம். என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிப் பழகிக் காட்டினாள். ஊசி போடவில்லை, பயப்படாதே. "உங்க நரம்பு ஏக்தம் மஸ்த் மாமி" என்றாள். இத்தனை வயசில் என் நரம்பை யாரும் புகழ்ந்ததில்லை. மூன்று வருடமாக அந்தப் பிள்ளையின் குரலைச் செங்கல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வாரமாக முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். மேசைக்கு அடியில் படுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் நீ சொல்வதிலும் ஒன்று சரிதான். வேலையில் சேர்ந்த பிறகு தினம் இரண்டு வேளை இதைத் தூக்கி இறக்க என் முட்டி ஒத்துழைக்காது. மழைக்காலம் வந்தால் சேற்றோடு துணிக்குப் பக்கத்தில் வைக்கவும் முடியாது. ஆகவே பூதத்தானைக் கூப்பிடு. அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்து வரட்டும், நீயும் அன்றைக்கு லீவு போடு. பட்டை மெஷினுக்கு நேராக வர வேண்டாம், கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல். நீ போட்ட ஓட்டையில் ஒன்றையாவது உபயோகிக்கப் பார்.

சுவர் யாருடையது என்று நீ எழுத வேண்டாம். நான் அதை மறந்துவிட்டதாக நினைக்காதே, மறக்க மாட்டேன். ஆனால் அவள் வேலைக்கும் அந்த நாலு இஞ்சுக்கும் நடுவில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எனக்கு அவள் வேலைதான் வேண்டும். சத்தத்தையும் பொறுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளும்போதே ஆஸியாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடப்போகிறேன், பிள்ளையைச் சாப்பிடச் சொல்லட்டும்.

நூர் நிஷா


29 நவம்பர் 2025

லாத்தாவுக்கு,

நேற்று நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், பாதி தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

பூதத்தான் தன் கடைப் பையன் ஊருக்குப் போயிருக்கிறான் என்று தனியாக வந்தான். துளை போடுகிற வரைக்கும் சிக்கல் இல்லை. அவன் உன் பக்கம் வந்து பட்டையை வைத்து, போல்ட்டை உள்ளே விட்டுவிட்டு, உன் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தான். பரீஹாவுக்கு லேபில் டிரெயினிங். ஆஸியா ஸ்டாண்டைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நட்டை முறுக்குகிற வேலை எனக்கு.

நான் முறுக்குகிறேன், நட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே இல்லை. அந்தப் பக்கம் போல்ட்டுத் தலையும் சேர்ந்து சுற்றுகிறது என்றான் பூதத்தான். அந்த அம்மாவை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க பாய் என்றான். நான் ஆஸியாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையிலும் ஸ்டாண்டு, என்னைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். எழுதித் தள்ளக் காகிதம் தேட முடியுமா அந்த நேரத்தில்?

"லாத்தா, புடிச்சிருக்கியா?" என்றேன்.

உன் பக்கம் சத்தமே இல்லை. இன்னொரு தரம் கேட்கலாமா வேண்டாமா என்று நின்றேன்.

"புடிச்சிக்கிட்டுதான் இருக்கேன். நீ முறுக்குலே" என்றாய்.

அந்த 'லே' காதில் விழுந்ததும் என் கை தானாக முறுக்க ஆரம்பித்தது. முதல் நட்டு இறுகிற்று. ஒவ்வொரு நட்டுக்கும் நான் கேட்டதும் நீ பதில் சொன்னதும் உனக்கே தெரியும். பூதத்தான் சிரித்துக்கொண்டே வெற்றிலை போட வெளியே போய்விட்டான். எல்லாம் முடிந்த பிறகும் ஸ்பேனரைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல மறுபடியும் முதல் நட்டிலிருந்து முறுக்கிப் பார்த்தேன். அது இறுகித்தான் இருந்தது. நீயும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய்.

நீ கவனித்தாயோ என்னவோ, பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் தோல் வைத்திருக்கிறேன். வர்க்‌ஷாப்பில் மீந்த எருமைத் தோல், நல்ல தடிமன். நானே வெட்டி, ஓரம் சீவி, போல்ட்டுக்குத் துளை போட்டுக் கொண்டுவந்தேன். மாட்டிய பிறகு சைக்கிளை அதில் தூக்கிப் போட்டும் பார்த்தேன், சத்தம் இந்தப் பக்கமே பெரிதாகக் கேட்கவில்லை. உன் தூக்கம் கெடாது. பரீஹாவிடமும் சொல்லிவிட்டேன், மாமி தூங்குகிற நேரம், செருப்பைக்கூட வெளியே போய்ப் போட்டுக்கொள் என்று.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்கிறாள். துஆ செய்.

இதை எல்லாம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். நேற்று அசருக்குப் பிறகு உன் வாசல் வரை வந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, திரும்பிவிட்டேன்.

உன் தம்பி,
முகைதீன்


7 டிசம்பர் 2025, ஞாயிறு

தம்பி முகைதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாசல் வரை வந்தவனுக்கு மெஷின் ஒரு சாக்கா? கதவைத் தட்டியிருந்தால் நிறுத்தியிருப்பேன். உனக்குச் சின்ன வயசிலிருந்தே இதுதான் பழக்கம், டீ சொல்லப் போவது அல்லது திரும்பிப் போவது. போகட்டும்.

உன் தோலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நல்ல வேலை செய்திருக்கிறாய், ஓரம் எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. தைக்கிறவளுக்கு அது தெரியும். நீ சொன்னபடியே ஒரு சத்தமும் வருவதில்லை. பட்டையில் காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவளுக்கு முதல் நாள். நான் சுபுஹுக்கு முன்பே விழித்துவிட்டேன். இப்போது எழுந்திருப்பாள், இப்போது சைக்கிளை இறக்குவாள் என்று காத்துக்கொண்டு படுத்திருந்தேன். கேட்கவே இல்லை. நீ சொல்லிக் கொடுத்த மாதிரி பிள்ளை பூனை போலப் போயிருக்கிறாள். முதல் நாள் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு பிஸ்மில்லாஹ் சொல்லி அனுப்ப எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். புதன்கிழமை அவளுக்கு உடம்பு சரியில்லையோ, போகவில்லையோ என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. இருட்டில் வெளியே வந்து உன் வாசலில் அவள் செருப்பு கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நகுலின் அம்மா தண்ணீர் பிடிக்க வந்தவள் என்ன தொலைந்துபோயிற்று என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று உள்ளே வந்தேன்.

சாயங்காலமும் இதே கதைதான். வந்தாளா, இன்னும் வரவில்லையா, சையன் சிக்னலில் அத்தனை லாரி போகிறதே என்று மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். வந்தால் எட்டிப் பார்த்து, 'ஆயீ மாமி, வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு ஓடுவாள். களைத்துப் போனால் அதுவும் இல்லை. வேலைக்குப் போகிற பிள்ளையை நான் பிடித்து வைக்க முடியாது, வைக்கவும் மாட்டேன். சைக்கிள் என் வீட்டில் இருந்த நாட்களில் அவள் போனதும் தெரியும், வந்ததும் தெரியும். இப்போது இரண்டும் தெரியவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் நீ தோல் வைத்தாய். அது வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

இரும்புச் சத்தம் காதுக்குள் அடிக்கும் என்று எழுதியவளும் நான்தான். ஆமாம், எழுதினேன். அப்போது அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது.

தோலை எடுத்துவிடு. இரண்டு பக்கமும் எடு. அதற்கு எல்லா போல்ட்டையும் கழற்றி மறுபடி முறுக்க வேண்டும், இந்தப் பக்கம் ஒருவர் பிடித்தாக வேண்டும் என்று எனக்கும் தெரியும். பூதத்தான் வேண்டாம், ஸ்பேனர் என்னிடம்தான் இருக்கிறது. அவன் கேட்டபோது நான் கொடுக்கவில்லை.

பதில் எழுதாதே, முகைதீன். சுவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், கூப்பிடு.

லாத்தா